விஜி டீச்சரும் இரண்டு ரேடியல் டயர்களும்

விஜயலக்ஷ்மி கார் ஓட்டுகிறாள் என்பது 1971-க்குள் மயிலாப்பூருக்குப் பழகிப்போயிருந்தது. தெற்கு மாடவீதியில் கீரை விற்கிறவள்கூடக் கூடையை ஒதுக்கிக்கொண்டு, "டீச்சரம்மா வண்டி வருது, தள்ளு" என்று வழி விடுவாள். ஆனால் அந்தக் காரைப் பற்றி அவளுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று நினைக்க, ஊரில் ஓர் ஆண்பிள்ளைகூடத் தயாராக இல்லை.

அது சாதாரணக் கார் இல்லை என்பதுதான் வினை. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, மடக்குக் கூரை, கரும்பச்சை வர்ணம். அவள் அண்ணா கிச்சா தேயிலைக் கம்பெனியில் இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜரிடம் வாங்கியது. சோழவரத்துப் பந்தயத்தில் அதை ஓட்டி, கடைசிக்கு முந்தினவனாக வந்து, அந்தப் பெருமையிலேயே இரண்டு வருஷம் இருந்தான். பிறகு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. "வித்துடு, இல்லாட்டா ஓட்டு" என்று தங்கையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

விஜி ஓட்டினாள். அடையாறில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, பஸ்ஸில் மிதிபட்டு மிதிபட்டு அலுத்திருந்தாள். கார் வந்ததும் அந்த அலுப்பு போய் வேறொரு அலுப்பு வந்தது. பெட்ரோல் போடுகிறவன் யோசனை சொன்னான். சிக்னலில் பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரர் சொன்னார். கபாலி கோயில் வாசலில் செருப்புக் காவல் காக்கிறவர்கூட, "பின் டயரு மொட்டை ஆய்க்கினே வருது, வூட்டுல பெரியவங்க கைல சொல்லும்மா" என்றார். வீட்டில் பெரியவர்களிடம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மனிதர் சொன்னதில் தப்பில்லை. நான்கு டயர்களும் தேய்ந்து, மழை பெய்தால் தார் ரோட்டில் வெண்டைக்காய் வழுக்குகிற மாதிரி வழுக்கின.

வீட்டில் பெரியவர் என்றால் அக்கா சூடாமணியின் கணவர் ஸ்ரீனிவாசராகவன். கீழ்க்கட்டில் அக்கா குடும்பம், மாடியில் விஜி. அத்திம்பேர் மின்சார வாரியத்தில் கணக்கு அதிகாரி. லாம்பரெட்டா ஸ்கூட்டர் ஓட்டுவார். கார் ஓட்டத் தெரியாது. அது ஒன்றும் அவருக்குத் தடையாகத் தோன்றியதே இல்லை.

கிச்சாவுக்கு டயர் விஷயத்தை எழுதிப்போட்டாள். அவன் கப்பலில் வந்த ஒரு சிநேகிதர் மூலம் இரண்டு டயர்களை அனுப்பிவைத்தான். இரண்டுதான் கிடைத்ததாம். ரேடியல் டயர். உள்ளே இருக்கிற நூல் சாதா டயர் மாதிரி குறுக்கும் நெடுக்கும் போகாமல் நேராகப் போகும். அதனால் டயரின் பக்கம் தளர்ந்து கொடுக்கும், அடிப்பாகம் ரோட்டை விடாமல் பிடிக்கும். மெட்ராஸில் பல பேர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மற்ற இரண்டு சக்கரத்துக்கும் அம்பாஸடர் டயர் போட்டுக்கொள்ளலாம், அளவு ஒத்துப்போகும் என்று எழுதியிருந்தான். எதை எங்கே போடுவது என்று மட்டும் எழுதவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அத்திம்பேர், மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "ஸ்டியரிங் எங்க இருக்கு? முன்னால. அப்போ ஒசத்தி டயர் எங்க போகணும்? முன்னால."

"அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது அத்திம்பேர். கிச்சா பந்தயத்துக்காகப் பின்னால ஸ்பிரிங்ல ஒரு பட்டையை வேற கூடச் சொருகி ஏகத்துக்கு விறைப்பாக்கி வெச்சிருக்கான். ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும். யோசிச்சு சொல்றேன்."

"யோசி, யோசி. நோக்கு எல்லாத்துலயும் யோசனைதான்."

அந்த வாரமே விஜி காய்ச்சலில் படுத்தாள். மிளகு ரசமும் கஷாயமுமாக மாடியில் கிடந்தாள். எழுந்து கீழே வந்தபோது, வாசலில் கார் தேள் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அத்திம்பேர் தேனாம்பேட்டையிலிருந்து மெக்கானிக் ஷஃபியுல்லாவை வரவழைத்து வண்டியைக் கொடுத்தனுப்பி, முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் இரண்டு அம்பாஸடர் டயர் மாட்ட வைத்திருந்தார். அதோடு விட்டாரா? பின்பக்கம் வண்டி தொங்குகிறது என்று கண்டுபிடித்து, அடுக்கு ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையும் செருகச் சொல்லியிருந்தார்.

"சர்ப்ரைஸ்!" என்றார்.

விஜி காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பேசியிருந்தால் அந்த வீட்டில் அடுத்த மாசம்வரை யாரும் யாரோடும் பேசியிருக்க முடியாது. சூடாமணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை தூறலாக இருந்தது. அத்திம்பேருக்கு அடையாறில் யாரையோ பார்க்க வேண்டியிருந்தது. உண்மையில் தன் வேலையின் பலனைப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்து ஸீட்டில் ஏறிக் குடையை மடியில் வைத்துக்கொண்டார். சாந்தோம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கார் எம்பிக் குதித்தது. "பார்த்தியா, எப்படி கெட்டியா போறது!" என்றார், குதித்த குதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு. முன்பக்கம் என்னவோ அற்புதமாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை விரலால் தொட்டால் போதும், மூக்கு திரும்பியது. விஜிக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது: மனுஷர் சொன்னதுதான் சரியோ?

அடையாறு பாலம் தாண்டி வளைவில் திரும்பினாள். வேகமாகக்கூடப் போகவில்லை. மூக்கு சொன்னபடி திரும்பியது. வால் திரும்பினதோடு நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ காரைப் பிடித்து வெளியே இழுத்த மாதிரி இருந்தது. ஆலமரம், சோடாக்கடை, சினிமா போஸ்டர், மறுபடியும் ஆலமரம் என்று எல்லாம் கண் முன்னால் ஓடின. கார் முழுசாக ஒரு சுற்றும் இன்னொரு அரைச் சுற்றும் சுற்றி, வந்த பக்கம் பார்த்து நின்றது. எதிரே ஒரு பஸ், பம்பர் இடிக்காத குறையாக.

யாருக்கும் அடி இல்லை. குடை மட்டும் ஒடிந்திருந்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். விஜியைப் பார்க்கவே இல்லை. அத்திம்பேரைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னா சார், பொம்பள கைல வண்டிய குட்த்துட்டு நீ பாட்டுக்கு குந்திக்கினு கீறே?"

"அதைத்தான் நானும் சொல்லிண்டு வரேன், மெதுவா போ, மெதுவா போன்னு!" என்றார் அத்திம்பேர். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

விஜி எட்டி அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "இறங்குங்கோ" என்றாள்.

"என்னடி இது, நடு ரோட்டுல..."

"அத்திம்பேர். இறங்குங்கோ."

அவர் ஒடிந்த குடையோடு இறங்கினார். விஜி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நேரே தேனாம்பேட்டைக்கு விட்டாள், நடக்கிற வேகத்தில், பின்னால் வந்த அத்தனை பேரும் ஹாரன் அடித்துத் திட்ட.

ஷஃபியுல்லாவின் ஷெட் மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நாற்பது வயது, மெதுவாகப் பேசுகிறவர். கிச்சா காலத்திலிருந்தே இந்த வண்டியைப் பார்ப்பவர். நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அல்லா காப்பாத்துனான். நான் சார் கைல கேட்டேம்மா, டீச்சரம்மாக்குத் தெரியுமான்னு. அவுங்க சொல்லித்தான் வந்தேன்னாரு."

"ஷஃபியுல்லா, இந்த வண்டி யாருது?"

"உங்குளுதுதாம்மா."

"இனிமே யார் வந்து சொன்னாலும் இதுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. இப்போ அந்த ரெண்டு ரேடியலையும் பின்னால மாட்டுங்கோ."

அவர் தலையைச் சொறிந்தார். "பின்னாலயா? தப்பா நினைக்காதீங்க. எனக்கும் முன்னாடி போடுறதுதான் கரெக்டுன்னு தோணிச்சு. முன்னாடி வழுக்குனா வண்டி திரும்பாதே?"

"திரும்பாட்டா எனக்குக் கையிலயே தெரியும். ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுப்பேன், வேகம் குறைஞ்சு திரும்பிடும். வால் வழுக்கினா? எனக்குத் தெரியறதுக்குள்ள பஸ் மூஞ்சியைப் பார்த்துண்டு நிப்பேன். இன்னிக்கு நின்னேன்."

ஷஃபியுல்லா பின்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார். "அந்தப் பட்டையும் போட்டு கல்லு மாரி ஆக்கிட்டோம். பின்னாடி குதிச்சிக்கினே இருந்தா டயரு எங்க ரோட்டைப் புடிக்கும்?" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஜாக்கியை எடுத்தார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டயரை மாற்றி, அத்திம்பேரின் பட்டையையும் கிச்சாவின் பட்டையையும் கழற்றியதும், வண்டி மெத்தென்று ஆனது. ஆனால் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடுத்த தெரு வரைக்கும் ஊஞ்சலாடியது. ஆட்டத்தை அடக்குகிற, நெம்புகோல் மாதிரிக் கையும் உள்ளே எண்ணெயும் வைத்த அந்தக் காலத்து ஷாக் அப்சார்பர்கள் உள்ளே தேய்ந்துபோயிருந்தன. கெட்டி எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். காலையில் சரியாக இருக்கும். மத்தியானம் எண்ணெய் சூடாகி இளகினதும் மறுபடி ஊஞ்சல். விஜிக்கு அழுகை வரும்போல இருந்தது. இதற்கிடையில் ரேடியல் டயரின் பக்கங்கள் புடைத்துக்கொண்டு தெரிவதைப் பார்த்து, ஊரே அவளை நிறுத்தி, "காத்து கம்மியா கீது" என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. அது அப்படித்தான் இருக்கும் என்று முதலில் விளக்கம் சொன்னாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு பெட்ரோல் பங்கில் அவள் இறங்கி வருவதற்குள் ஒருவன் காற்றை அடித்தே விட்டான், பூசணிக்காய் மாதிரி. அன்றைக்கு முதன்முறையாகத் தெருவில் நின்று ஒரு மனிதரைப் பார்த்துக் கத்தினாள்.

கடைசியில் ஷஃபியுல்லாதான், புது மாடல் கார்களில் வருகிற குழாய் மாதிரி நீண்ட ஷாக் அப்சார்பரைப் பின்னால் பொருத்தலாம் என்றார். "அதுக்கு அடியில கீற சேஸிஸ் சட்டத்துல ஒரு தாங்கியைப் பத்தவைக்கணும்."

"வெல்டிங் வேண்டாம். பிடிக்கலேன்னா கழட்ட முடியணும். போல்ட் போட்டு மாட்ட வழி இருக்கா பாருங்கோ."

அவர் இரண்டு நாள் யோசித்து, இரும்புத் தகட்டில் ஒரு தாங்கி செய்து, போல்ட் போட்டு மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டபோது இருவரும் திருவான்மியூரைத் தாண்டி மகாபலிபுரம் ரோட்டுக்குப் போனார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு வளைவு. விஜி ஓட்டினாள்; ஷஃபியுல்லா கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். அந்த வளைவில் போனாள், திரும்பினாள், கொஞ்சம் வேகம் கூட்டிப் போனாள். ஒரு கட்டத்தில் மூக்கு வெளிப்பக்கம் நகர ஆரம்பித்தது. காலை எடுத்தாள். வண்டி சாதுவாக உள்ளே வந்தது. வால் தன் பாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை போய்ப் பார்த்தாள், நம்பிக்கை வராமல்.

"போதும்மா. எனக்கு மூணு கொழந்தைங்க கீது" என்றார் ஷஃபியுல்லா. அதற்கப்புறம்தான் சிரித்தார்.

பந்தயக்காரன் பார்த்தால் முகம் சுளிப்பான். வளைவில் வண்டி லேசாகச் சாயும். கிச்சாவும் அப்படித்தான் எழுதினான், ஒரு ஸ்போர்ட்ஸ் காரை மாட்டு வண்டி ஆக்கிவிட்டாய் என்று. வந்து ஓட்டிக் காட்டு என்று பதில் போட்டாள்.

தை மாசத்தில் ஒருநாள் அத்திம்பேரின் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் சாப்பிட வந்தார். வாசலில் காரைப் பார்த்துவிட்டு, ரேடியலைப் போய்ப் பின்னால் மாட்டியிருக்கிறீர்களே என்று ஆச்சரியப்பட்டார். அத்திம்பேர் சாம்பாரை விட்டுக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

"அதுல ஒரு ஸயன்ஸ் இருக்கு ஓய். பலபேர் முன்னாலதான் போடணும்பா. நான் என்ன சொன்னேன்னா..."

விஜி வாயைத் திறந்தாள். அதற்குள், பரிமாறிக்கொண்டிருந்த சூடாமணி நிமிர்ந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் விருந்தாளிக்கு முன்னால் அவள் கணவரை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏன்னா, நீங்கோ சொன்னது முன்னால. பின்னாலன்னு சொன்னது விஜி. பஸ்ஸுக்கு நேரா சுத்தி நின்னேளே, அதுக்குள்ள மறந்துடுத்தா?" என்று சொல்லிவிட்டு, சிநேகிதரின் இலையில் இன்னொரு அப்பளத்தை வைத்தாள்.

சிநேகிதர் அவசரமாக அப்பளத்தை நொறுக்கினார். அத்திம்பேர் குனிந்து சாப்பிட்டு முடித்தார். அன்றைக்கு மோர் சாதம் வேண்டாம் என்றார்.

சாயந்திரம் சூடாமணி மாடிக்கு வந்தாள். படியேறிய மூச்சு வாங்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மேஜையில் கிடந்த கார் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த கிளட்ச்சுங்கறாளே," என்றாள், "அதை எந்தக் காலால மிதிக்கணும்?"