மிளகாய்க்குப் பின் வந்த கறிவேப்பிலை

பர்வீன் அக்காவின் வீட்டு வாசலில் ஏழுமலை என்னிடம் சொன்னதற்கு, "அது அவர் தப்பு இல்லை" என்று நான் பதில் சொல்லவில்லை.

அன்று காலை திருநின்றவூரில் ரயிலுக்கு நின்றிருந்தபோதுதான் ஆய்வகத்தின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். முந்தைய நாள் மேனேஜரைக் கிண்டல் செய்து அவர் போட்டிருந்த படம் அதற்கு நேர் மேலே இருந்தது. அதற்கு நான் சிரித்து வைத்ததும் இருந்தது. ஆவடியில் இறங்கி, அக்காவின் வீடு இருக்கும் பூந்தமல்லிக்குப் பேருந்து ஏறினேன்.

வாசலில் நின்ற ஆண்களிடையே ஏழுமலையும் இருந்தார். திருமழிசைப் பக்கம் கறிவேப்பிலை பயிரிட்டவர். என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். "பண்ண தப்ப ஊடு தேடி வந்து சொல்லிச்சும்மா அது. யாரு அப்டி வர்றா?" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

அக்காவோடு பழகிய உங்களுக்கு அந்தக் கதை பாதி தெரியும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அம்பத்தூர் ஆய்வகத்தில் காய்களிலும் இலைகளிலும் தங்கிய பூச்சிமருந்தைத் தேடுவது எங்கள் வேலை. அரைத்துச் சாறெடுத்து நிறைமாலைமானி என்ற கருவியில் செலுத்தினால், மருந்தின் மூலக்கூறை அதன் எடையையும், அது உடையும் விதத்தையும் வைத்து அந்தக் கருவி கண்டுபிடித்துவிடும். மருந்து மிகுந்த மாதிரி ஒன்று போனால் அதன் மிச்சம் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியிலும் தெரியும். அதனால் நடுவே வெறும் கரைசலை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு அக்கா இதை ஒரே கேள்வியில் புரியவைப்பார்: "மிளகா அரைச்ச மிக்சியக் கழுவாம ஜூஸ் போட்டு மாமியாருக்குக் குடுத்தா இன்னா ஆவும்?"

ஒரு நாள் மாதிரிகள் குவிந்துவிட்டன. காலைக்குள் முடிவு வேண்டும் என்றார்கள். கருவியில் ஓடவேண்டிய வரிசையை அடுக்கியது நான். நேரம் மிச்சமாகட்டும் என்று நடுவே இருந்த வெறும் கரைசல் குப்பிகளை எடுத்துவிட்டேன். மருந்தில் ஊறிய பச்சை மிளகாய் ஒன்றுக்கு அடுத்து நின்றது ஏழுமலையின் கறிவேப்பிலை. வரம்புக்கு மேல் மருந்து என்று அறிக்கை போனது. நான் அடுக்கிய வரிசை என்பதால் அக்கா நம்பிக் கையெழுத்திட்டிருந்தார். அவரிடம் இலை வாங்கிய ஏற்றுமதிக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்.

வேறொரு வேலையாகப் பழைய வரிசையைத் திறந்தபோது அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. எடுத்து வைத்திருந்த இலையை மறுபடி ஓட்டினார். ஒன்றுமே இல்லை. திரையைப் பார்த்தபடி, "மெசினு பொய் சொல்லல. முன்னாடி வந்தவன் பண்ணத இவன் தலையில கட்டிக்கீது" என்றார். திருத்திய அறிக்கையை அனுப்பினால் போதும், நேரில் போய் வம்பை வாங்காதீர்கள் என்றார் மேனேஜர். அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு திருமழிசைக்குக் கிளம்பினார்.

ஏழுமலை எங்களை உட்காரச் சொல்லவில்லை. "ஊரே என்ன விசம் விக்கிறவன்னு பேசுதும்மா. இப்ப வந்து தப்பாயிச்சின்றீங்க. அத்த சரக்கத் திருப்பி அனுப்புன ஆளுகிட்ட சொல்லுங்க" என்றார்.

"சொல்லிட்டோம் அண்ணாத்தே. அவுரு வேற ஆளு பாத்துட்டாராம்" என்றார் அக்கா.

"யாரு பண்ண வேல இது?"

"என் கையெழுத்து. என் தப்பு."

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு யாரு?"

"எங்கூட வேல செய்யிது. நல்ல பொண்ணு."

வேலியோரம் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையில் என் பெயர் இருந்தது அக்காவுக்குத் தெரியும். திரும்பும் பேருந்தில் திட்டுவார் என்று காத்திருந்தேன். "மூஞ்ச ஏன் அப்டி வச்சிகினு கீற? டீ வாங்கிக் குடு" என்றார். குடித்தோம். அப்போது சொல்லியிருக்கலாம். டீ நன்றாக இல்லை என்று சொன்னேன்.

அக்கா அத்துடன் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மருந்தே படாத இலை எங்களுக்கு எப்போதும் தேவை. அதை ஏழுமலையிடமே வாங்க ஏற்பாடு செய்தார். அதிலிருந்து ஆய்வகத்தில் கறிவேப்பிலைக்கு அளவுகோலாக இருந்தது அவர் தோட்டத்து இலைதான். வேறு வியாபாரிகளிடமும் அவருக்காகப் பேசிப் பார்த்தார். "நம்ம எழுதின ஒரு வரி அந்தாளு சோத்துல மண்ணு போட்டுச்சு. இன்னொரு வரி எழுதினா மண்ணு போயிருமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் அப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மிளகாய்க்கு அடுத்து வெறும் கரைசல் வைக்காமல் நான் எதையும் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மாமியார் ஜூஸ் நினைவுக்கு வருகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சிய நல்லது அதுதான். "நல்ல பொண்ணு" என்று அவர் சொன்னதும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. திருப்பிக் கொடுக்கவும் அவர் இல்லை.

துக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்துத் திருமழிசைக்குத் தனியாகப் போனேன். ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கிட்ட ஏம்மா சொல்ற? அந்தம்மா உசுரோட இருக்கசொல்ல அதுங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

அவருக்குப் பின்னால் தோட்டம் இருந்த இடத்தில் கறிவேப்பிலை இல்லை. ஏற்றுமதிக்காரர் திரும்பி வரவே இல்லை. மரங்களை வேரோடு எடுத்து, தரையைச் சமன் செய்து, லாரி நிறுத்த வாடகைக்கு விட்டிருந்தார். ஆய்வகத்துக்கு இப்போது இலை வேறு ஊரிலிருந்து வருகிறது.