இல்லை என்று சொன்ன தலைமையாசிரியை

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நாகர்கோவிலில் பள்ளி பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அரசுப் பள்ளிக்கும் ஒருநாள் போனேன்.

தலைமையாசிரியை ஒல்லியான பெண்மணி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். முதலில் கழிப்பறையைத் திறந்து காட்டினார். பிறகு பிள்ளைகள் குடிக்கும் குழாயைத் திறந்து, கையைக் குவித்துக் குடித்தார். தினமும் காலையில் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்தான் குடித்துப் பார்ப்பாராம்.

"நீங்களும் குடிச்சுப் பாருங்க சார்."

நான் பையிலிருந்த பாட்டிலைக் காட்டிச் சிரித்தேன். செல்போனில் குறித்து வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன்.

"வேன் உண்டா?"

"இல்ல சார்."

"கம்ப்யூட்டர்?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு ரிப்பேரு."

"இங்கிலீஷ்?"

"தனியா டீச்சர் இல்ல. நான்தான் எடுக்கேன், எனக்கும் சுமாராத்தான் வரும். ஆனா மூணாங்கிளாஸ் முடியதுக்குள்ள பிள்ளை தமிழ்ப் பேப்பர எடுத்து வாசிக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

இல்லைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மகள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அங்கே எதைக் கேட்டாலும் "இருக்கு சார்" என்பார்கள். அந்த அம்மாளைப்போல ஒருவரும் இதுவரை என்னிடம் 'இல்லை' என்று சொன்னதில்லை. தமிழ் வாசிப்புக்கு 'எக்ஸலண்ட்' போட்டிருக்கிறார்கள்.

நேற்று தமிழ்ப் பேப்பரைக் கொடுத்து, தலைப்பை மட்டும் வாசிக்கச் சொன்னேன். முதல் எழுத்தில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"படத்தப் பாத்துச் சொல்லட்டாப்பா?" என்றாள்.