நான் எழுதிய பூட்டு

சித்தூர் இரத்த வங்கியிலிருந்து போன் வந்தபோது, திருப்பதியில் என் மகள் படிக்கும் பள்ளியில் வகுப்பாசிரியையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலை பதினொன்றரை இருக்கும். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்ததும் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன்.

பேசியது அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன் அம்மா. சாவகாசமாக நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு விசாரிக்கவில்லை.

“மேடம், உங்க சாஃப்ட்வேர் தெறக்க மாட்டேங்குது. இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லைன்னு வருது. காலைல கரண்டு போய்ப் போய் வந்ததுல கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. ரிப்பேர்காரர் வந்து உள்ள மதர்போர்டு மாத்திட்டுப் போனாரு. அதுக்கப்பறம்தான் இப்டி.”

“அவசரமாம்மா?”

“பக்கத்து நர்சிங் ஹோம்ல ஒரு பொண்ணுக்குக் கொழந்த பொறந்து, ரத்தம் நிக்காம போய்க்கினு இருக்குது. ஓ நெகட்டிவ். வீட்டுக்காரரு என் முன்னாடிதான் நின்னுக்கினு இருக்காரு.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எந்தக் கோளாறும் இல்லை. நான் எழுதியது, எழுதியபடியே வேலை செய்துகொண்டிருந்தது.

இரத்தப் பைகளின் கணக்கும் சோதனை முடிவும் வைக்கும் அந்த மென்பொருளின் தொழிலை நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து நடத்தினோம். நான் எழுதுவேன், அவர் விற்பார். என் அண்ணனோடு படித்தவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சுற்றுவட்டாரத்தில் பதினோரு இரத்த வங்கிகள் வாங்கியிருந்தன. ஒருநாள் நாங்கள் விற்கவே விற்காத ஓர் ஊரிலிருந்து, ரிப்போர்ட் எடுப்பது எப்படி என்று கேட்டு போன் வந்தது. யாரோ காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அண்ணா, “ஒரு பூட்டு போடும்மா. வாங்கின கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடணும்” என்றார்.

அவர் கேட்டது சின்னப் பூட்டு. நான் அதற்கு மேலே போனேன். கணினிக்குள் இருக்கும் மதர்போர்டின் எண்ணையே சாவியாக்கி, உள்ளே இருக்கும் தகவல் முழுவதையும் பூட்டினேன். போர்டு மாறினால் மென்பொருளும் திறக்காது, தகவலும் திறக்காது. மாற்றுச் சாவி போட்டுத்தரும் நிரலையும், எந்த இடத்தில் எந்த எண் என்கிற பட்டியலையும் அண்ணாவின் பென்டிரைவில் மட்டும் வைத்தோம். எங்கள் ஆட்கள் யாரும் வெளியே கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, அதுவும் நானே சொன்ன யோசனை. கெட்டிக்காரத்தனமான வேலை என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணாவுக்கு அடித்தேன். போன் அணைந்திருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது, அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு திருமலைக்குப் போயிருந்தார். போனை ஒப்படைத்துவிட்டுத்தான் தரிசன வரிசைக்குள் விடுவார்கள். உள்ளே எந்தக் கூடத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

மகளை ஆசிரியையிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வீடு பத்து நிமிட தூரம். வழியெல்லாம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

“உங்ககிட்ட ஓ நெகட்டிவ் இருக்குதாம்மா?”

“ரெண்டு பை இருக்குது. முந்தாநாள் காலேஜ் கேம்ப்ல எடுத்தது. நேத்து சாயங்காலம் நோய் சோதனை எல்லாம் முடிஞ்சிது. பாஸ் பண்ணி லேபிள் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அதுக்குள்ள இப்டி ஆயிடுச்சு.”

“முடிவு பேப்பர்ல இல்லியா?”

“நீங்கதானே மேடம் பேப்பரே வேணாம்னீங்க.”

ஆமாம். சோதனை இயந்திரத்தை நேராக மென்பொருளோடு இணைத்தது நான்தான். முடிவை அனுப்பியதும் இயந்திரம் தன் நினைவிலிருந்து அதை அழித்துவிடும். பிரிண்டரை நிறுத்தச் சொன்னோம். ரிஜிஸ்டரை வாரக் கடைசியில் திரையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ‘காகிதமில்லா இரத்த வங்கி’ என்று அண்ணா விளம்பரத் தாளில் போட்டிருந்தார்.

பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது. “அந்தப் பை இங்கதானே இருக்குது? எடுத்துக் குடுங்களேன்மா.”

“இருக்குதுப்பா. அது சுத்தமானதுன்னு சொல்ற முடிவு கம்ப்யூட்டருக்குள்ள மாட்டிக்கினு இருக்குது.”

“நேத்து நீங்கதானே பாத்தீங்க?”

டெக்னீஷியன் அம்மா அவரிடமே சொன்னார்: “பாத்தேன். வீட்டுக்குக் கெளம்பற அவசரத்துல ஒரு பார்வ பாத்தேன். ரெண்டும் நல்லா இருந்த மாதிரிதான் நியாபகம். நியாபகத்த நம்பிக் குடுக்க மாட்டேம்ப்பா.” பிறகு என்னிடம் சொன்னார்: “வேலூருக்குக் கார் அனுப்பிட்டாங்க மேடம். நான் முதல்ல இருந்து சோதனைய ஆரம்பிச்சிட்டேன். ரெண்டரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள நீங்க எதனா பண்ண முடியும்னா பண்ணுங்க.”

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். பூட்டு இல்லாமல் ஒரு பதிப்பைத் தயாரிக்க எனக்குக் கால் மணி நேரம் போதும். தகவலைத் திறக்கத்தான் பழைய போர்டின் எண் வேண்டும். அது ரிப்பேர்காரரின் கடையில் கிடந்தது.

அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் பெரியவர். டெக்னீஷியன் அம்மா சொன்ன எண்ணில் அவரையும் அதே அழைப்பில் இணைத்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். “ஒக்க நிமிஷம் மேடம். குப்பைல போட்டேன். அதே கம்பெனி போர்டு மூணு கெடக்குது. எது அவங்களுதுன்னு தெரியல.”

“மூணு எண்ணையும் படிச்சுச் சொல்லுங்க.”

கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து படித்தார். பதினைந்து எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. சித்தூர் கணினிக்குள் இணையம் வழியாகப் போய் முதல் எண்ணைக் கொடுத்தேன். திறக்கவில்லை. ஆங்கில ‘பி’யா, எண் எட்டா என்று மறுபடி கேட்டுச் சரிபார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதைப் படிக்கும்போது நிறுத்திவிட்டார்.

“ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குது மேடம். பத்தாவது எழுத்து இல்ல.”

“மத்ததெல்லாம் தெளிவா தெரியுதா?”

“தெரியுது.”

ஒற்றை எழுத்துதானே, இருபத்தாறு எழுத்து, பத்து எண், மொத்தம் முப்பத்தாறு வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும்படி நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரியில் இரண்டு தடவை தப்பு செய்தேன். போனில் இரத்த வங்கியிலிருந்து கேட்டது இயந்திரம் ஓடும் சத்தமும், யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தமும்தான்.

ஓடவிட்டேன். திரையில் பெயர்களும் தேதிகளும் வரிசையாக வந்து விழுந்தன.

“வந்துடுச்சும்மா. பாருங்க.”

அவர் பை எண்களைச் சொல்லிப் பார்த்தார். முதல் பை, எல்லாச் சோதனையிலும் சுத்தம். இரண்டாவது பையின் எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வரியை நானும் இங்கிருந்து பார்த்தேன். மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாகச் சிவப்பில் இருந்தது.

அவர் முதல் பைக்கு லேபிள் எடுத்து ஒட்டுவது கேட்டது. “பொருத்தம் முன்னாடியே பாத்து வெச்சிட்டேன்பா. இந்தா, ஓடு” என்றார். போன் கட்டானது.

முதல் போனிலிருந்து கணக்கிட்டால் ஐம்பது நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகம். வேலூரிலிருந்து மேலும் இரண்டு பைகள் ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தன. அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. தாமதத்தால்தானா என்று பிறகு நர்சிங் ஹோம் டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாதும்மா” என்றார். திரும்பவும் கேட்டேன். அதே பதில்தான்.

அன்று மாலைக்குள் பதினோரு இடங்களுக்கும் பூட்டு இல்லாத பதிப்பை அனுப்பிவிட்டேன். மறுநாள் மொட்டைத் தலையோடு இறங்கி வந்த அண்ணா, கேட்டதும் நாற்காலியில் உட்காராமலே நின்றார்.

“என்னைக் கேக்காம அனுப்பிட்டியா?”

“உங்க போன் லாக்கர்ல இருந்துச்சு அண்ணா.”

“ஒரு நாள் பொறுத்திருக்கலாம் இல்ல? இனிமே ஒருத்தன் வாங்குவான், பத்து பேர் காப்பி எடுப்பாங்க. இங்க வேலை செய்யறவங்களுக்கு நாம என்னா பதில் சொல்றது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சித்தூர் டெக்னீஷியன் அம்மாவின் எண்ணைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்த இரண்டாவது பையைப் பற்றி அந்த அம்மா சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் பூட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. அடுத்த வருடம் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. அவர் பயந்தபடியே காப்பிகள் பரவின. எங்களிடம் வேலை செய்த இரண்டு பேரில் ஒருவரைத்தான் என்னால் வைத்துக்கொள்ள முடிந்தது.

பிரிண்டரைத் திரும்ப இணைப்பதற்காகச் சித்தூர் போனபோது டெக்னீஷியன் அம்மாவிடம் பூட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அதை மின்சாரத்தால் வந்த பழுது என்றுதான் நினைத்திருந்தார். கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

“எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அவங்ககிட்ட சொல்வீங்களா?”

குடிபாலாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் வீடு. டெக்னீஷியன் அம்மாவே கூட வந்து காட்டிவிட்டு வெளியே நின்றுகொண்டார். அந்தக் கணவர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். “இப்ப அது சரியாயிடுச்சா மேடம்?” என்று மட்டும் கேட்டார். சரி செய்துவிட்டேன் என்றேன். தலையாட்டினார்.

அவர் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்துநான்கு வயதுக்கு மேல் இருக்காது.

“பூட்டு எதுக்கு போட்டீங்க?”

“யாரும் காப்பி எடுக்கக் கூடாதுன்னு போட்டேன்மா.”

“ரத்தத்தயா?”

“இல்ல. நான் எழுதினத.”

குழந்தை அசையவும் அவள் குனிந்து துணியைச் சரிசெய்தாள். மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.