கைக்குத் தட்டுப்பட்டது

தம்பானூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த மலையாள டாக்டரம்மாவை ஒரே முறைதான் பார்த்தேன். ஒல்லியானவர், காதோரம் நரை. யாரையும் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

கழுத்தில் லேசாக வீக்கம் தெரிந்ததால் போயிருந்தேன். என் கழுத்தைத் தடவிய விரல்கள் ஓரிடத்தில் நின்றன. பக்கத்திலிருந்த நர்ஸிடம், "பால்பபிள்," என்றார்.

"டாக்டர், அப்படீன்னா கேன்சரா?"

"அய்யோ, இல்ல சேச்சி. தொட்டா கைக்குத் தட்டுப்படுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். நல்லதா கெட்டதான்னு அந்த வார்த்தை சொல்லாது. ஊசி குத்தி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். நீங்க தொட்டுப் பாக்கலியா?"

"பயமா இருந்துச்சு."

உண்மைதான். குளிக்கும்போதுகூட அங்கே கை வைக்காமலேயே இருந்தேன். மனசுக்குள் அது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது. அவர் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். ஆரியசாலைக் கடைவீதியில் எங்களுக்குப் புளி வியாபாரம். என் விரலுக்கு உடனே தெரிந்தது, ஒரு புளியங்கொட்டை அளவுதான்.

"பேடிக்கண்டா, பயப்படாதீங்க," என்றார்.

கதவருகே திரும்பிப் பார்த்தேன். அடுத்தவரை அழைக்கும் முன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சூடான விரல்கள் மெல்ல அவருடைய கழுத்துக்கே போயின. ஓரிடத்தில் நின்றன. என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

என்னுடையது சாதாரணக் கட்டி என்று பிறகு தெரிந்தது. அவருடைய விரல்கள் எதன்மேல் நின்றன என்று எனக்குத் தெரியாது. என் கழுத்தைத் தொடும்போதெல்லாம் அவரும் ஊசி குத்திப் பார்த்துக்கொண்டாரா என்று நினைத்துக்கொள்கிறேன்.