திம்புக்டுக்காரிக்கு நான் எழுத்துப் படிப்பித்தேன்

2013ஆம் ஆண்டு தை மாதம், பாரிஸில் நடந்தது இது. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் ஒரு அறையில் இன்னும் மூன்று பேரோடு இருந்தேன். இருந்தேன் என்றுதான் பெயர். அவரவருக்கு ஒவ்வொரு நேர வேலை, ஆளை ஆள் காண்பது ஞாயிற்றுக்கிழமைதான். வன்னியிலிருந்து தனியாக வந்து இரண்டு வருசம். ஊரில் கணக்கு ரீச்சர்; இங்கே ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. சில நாட்களில் நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள், என்னோடு வேலை செய்த மாலி நாட்டு மனுசிதான். இரண்டு பேருக்கும் அரைகுறைப் பிரெஞ்சு.

வேலைத் தாள்களை அவர் என்னிடம் நீட்டுவார், நான் நிரப்பிக் கொடுப்பேன். எழுத்துத் தெரியாது, பாவம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் லாச்சப்பல் கடையில் கோடு போட்ட கொப்பி வாங்கினேன்.

"ஆருக்கு அக்கா, பிள்ளைக்கே?" என்றார் கடைக்காரத் தம்பி.

"இல்லைத் தம்பி, வேலையிலை ஒரு ஆபிரிக்க மனுசி. பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லைப் போல. நான்தான் படிப்பிக்கப் போறன்."

சொல்லும்போதே ஒரு பெருமை. கன காலத்துக்குப் பிறகு திரும்பவும் ரீச்சர் ஆகிவிட்டேன் அல்லவா!

இடைவேளையில், உடுப்பு மாற்றும் அறையில் வைத்து பிரெஞ்சு எழுத்துகளை ஆ, பே, சே என்று எழுதிக் காட்டுவேன். அவரும் முகம் கோணாமல் பார்த்தெழுதுவார்.

அந்தத் தை மாதத்தில் ஒரு காலை, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். அவருடைய ஊர் திம்புக்டு. ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆயுதக்காரர், பிரெஞ்சுப் படை வரவே ஓடும்போது நூலகத்துக்கு நெருப்பு வைத்துவிட்டார்களாம்.

"புத்தகம்தானே. ஆக்களுக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்றேன், ஆறுதல் சொல்வதாக நினைத்து.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வலமிருந்து இடமாக எழுதத் தொடங்கினார். அரபு. பேனை ஓரிடத்திலும் நிற்காமல் பக்கம் நிரம்பியது.

"பல நூறு வருசத்துக்கு முன்னமே பாலைவனம் தாண்டி ஆக்கள் எங்கடை ஊருக்குப் படிக்க வந்தவை. சட்டம், மருத்துவம், வான சாத்திரம், உம்முடைய கணக்கும்தான். எங்கடை வீட்டிலை ஒரு பெட்டி நிறையக் கையெழுத்துப் புத்தகம். அப்பா அதிலைதான் எனக்கு வாசிக்கப் பழக்கினவர். எனக்குப் பிரெஞ்சு எழுத்து மட்டும்தான் தெரியாது."

எனக்கு முகம் எரிந்தது. "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"படிப்பிக்கேக்கை மட்டும்தான் நீர் சிரிக்கிறீர்" என்றார்.

1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட கதையைத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். புத்தகம்தானே என்று சொன்னதும் இதே வாய்தான்.

சில கிழமை கழித்து நல்ல செய்தி வந்தது. நெருப்பு வைக்க முன்னமே, ஊரார் பெரும்பாலான புத்தகங்களைத் தகரப் பெட்டிகளில் ஒளித்து, வண்டியிலும் வள்ளத்திலும் வெளியே கொண்டுபோய்விட்டார்களாம். அவர் வீட்டுப் பெட்டியும் தப்பிவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டியவர், என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, ஏதோ பிழை செய்தவர் போல மெல்லச் சொன்னார். எனக்கு அப்படியொரு செய்தி எந்தக் காலமும் வராது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருசமே அவர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். பிறகு தொடர்பில்லை. எனக்கு ஒருவரும் இல்லை என்று நான் நொந்துகொண்டிருந்த நாட்களில், தன் சந்தோசத்தைக்கூட எனக்காக அடக்கிக்கொண்ட ஒருவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார் என்பதை நினைத்தால், யாரையும் பார்த்தவுடன் முடிவு கட்ட இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.