அமாவாசை போர்டு

காஞ்சிபுரத்தில் முன்சீப்பாகப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. நீதிமன்றத்தில் நேரம் விசாரணையில் செலவாவதில்லை. விசாரணை நடக்காமல் இருப்பதில்தான் செலவாகிறது.

அன்றைய வழக்குப் பட்டியலை நாங்கள் போர்டு என்போம். காலையில் உட்கார்ந்தால் போர்டைக் கூப்பிட்டு முடிக்கவே சாப்பாட்டு நேரம் வந்துவிடும். டவாலி வாசலில் நின்று பெயர் கூப்பிடுவார். ஒரு வக்கீல் எழுந்து, "டைம் வேணும் மேடம்" என்பார். எதிர் வக்கீல் ஆட்சேபணை இல்லை என்பார். பெஞ்ச் கிளார்க் ஒரு தேதி சொல்வார், நான் எழுதுவேன். வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனாலும் நாங்கள் ஐந்து பேரும் வேலை செய்தது போலவே இருக்கும்.

எனக்கு இரண்டு பேட்ச் முந்தியவர் ஒருவர் போனில் யோசனை சொன்னார். "எதிர் பார்ட்டி வராத கேஸையெல்லாம் முதல்ல முடிச்சுடு. மாசக் கணக்கு அழகா நிக்கும். பழைய கேஸைத் தொடாத. ப்ரொபேஷன் முடியற வரைக்கும் யாரையும் பகைச்சுக்காத." அக்கறையோடுதான் சொன்னார். தகுதிகாண் பருவத்தில் இருக்கும் நீதிபதியை ஒரு வரி உத்தரவில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். எனக்கு வீடு என்பது வந்தவாசிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் இருக்கிறது. அப்பா சித்தாளாகத் தொடங்கிக் கொத்தனார் ஆனவர். அம்மா நடவுக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அந்த உத்தரவு வந்தால் திரும்பிப் போவது நான் மட்டும் இல்லை, எங்கள் தெருவில் என்னைக் காட்டிப் படிக்க அனுப்பப்படும் அத்தனை பெண்களும் திரும்ப வேண்டியிருக்கும். தெரிந்தேதான் பழைய வழக்குகளைப் போர்டின் தலைக்குக் கொண்டுவந்தேன்.

அதில் முதலாவது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி இருக்கும் ஒரு வீடு. அப்பா செத்த பிறகு தம்பி வைத்துக்கொண்டான், அக்கா பங்கு கேட்கிறாள். அக்காவும் நெசவு, தம்பியும் நெசவு, சாட்சியான பக்கத்து வீட்டுக்காரரும் நெசவு. கூப்பிட்டதும் அக்காவின் வக்கீல் எழுந்தார்.

"விட்னஸ் வரலை மேடம். தறியில இருக்கார்."

"போன வாய்தாவுக்கும் தறியில இருந்தாரா?"

"ஆமா மேடம்."

"அவர் எப்பதான் தறியில இருக்க மாட்டார்?"

வக்கீல்கள் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. பின்னால் சுவரோரம் நின்றிருந்த அக்காவே கையைத் தூக்கினார்.

"அமாவாசைக்குப் போடும்மா."

"நீ சும்மா இரும்மா" என்றார் அவருடைய வக்கீல்.

"அவங்க பேசட்டும்" என்றேன்.

"கல்யாணச் சேலைன்னு தறியில ஏத்திட்டா அறுத்துக் குடுக்கற வரைக்கும் முதலாளி விட மாட்டாரும்மா. ஒருத்தர் எழுந்தா கூட உக்காந்துக்கினு இருக்கற ஆளுக்கும் கூலி போச்சு. அமாவாசைன்னா தறிக்கு லீவு. நான் வருவேன், சாட்சிக்காரரு வருவாரு. தோ நிக்கறானே என் தம்பி, அவனும் வருவான். எப்படியும் அன்னிக்கு ஒயின் ஷாப்புலதான் நிப்பான், இங்க வந்து நிக்கட்டும்."

தம்பி, "யக்கா, கோர்ட்ல மானத்த வாங்காத" என்றான். இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

பெஞ்ச் கிளார்க்கிடம் அடுத்த அமாவாசை என்றைக்கு என்று கேட்டேன். என் பக்கம் சாய்ந்து, "மேடம், ஓபன் கோர்ட்ல அந்த வார்த்தை வேணாம்" என்றார். செல்போனில் பாருங்கள் என்றேன். பார்த்துச் சொன்னார். அந்தத் தேதியைப் போட்டேன்.

கூலி என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பது சோற்றுப் பானையில் தெரியும். இந்த ஊரில் பாதி வழக்குகளில் சாட்சி வராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அவர் வர முடியாத நாளாகப் பார்த்து நாங்கள் தேதி போடுவதுதான். அன்று முதல் ஒவ்வொரு வழக்கிலும் சாட்சி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்காரர் என்றால் ஷிப்ட் கேட்டேன். விவசாயி என்றால் அறுப்பு எப்போது என்று கேட்டேன். நெசவுக்காரர் என்றால் அமாவாசை. மற்ற நாட்களின் போர்டு மெலிந்தது. காலையில் வாய்தா கொடுத்தே தீர்ந்துபோன நேரத்தில் இப்போது சாட்சிக் கூண்டில் ஆட்கள் நின்றார்கள்.

வராந்தாவில் கிண்டல் ஆரம்பித்தது. சேம்பர் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்க வேண்டும் என்றே வக்கீல்கள் பேசுவார்கள்.

"இன்னா மச்சான், ஆர்க்யுமென்ட் எப்ப?"

"எமகண்டம் முடிஞ்சதும்பா."

"அப்ப தீர்ப்பு?"

"பல்லி சொல்லணும். சொன்னா டிக்ரி."

பிறகு ஒரு மதியம் மூத்த வக்கீல் ஒருவர் சேம்பருக்கு வந்தார். நெற்றியில் பளிச்சென்ற நாமம். எல்லோரும் மரியாதை வைத்திருந்த மனிதர், நானும்தான்.

"அமாவாசைன்னா எனக்கு தர்ப்பணம் இருக்கும்மா. எங்க அப்பா தாத்தாவை நான் காக்க வைக்க முடியுமா?"

"உங்க கேஸையெல்லாம் மதியத்துக்கு மேல எடுத்துக்கறேன் சார். முடிச்சுட்டு, சாப்பிட்டுட்டு வாங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது இல்லம்மா விஷயம். கோர்ட்டைப் பஞ்சாங்கம் பார்த்து நடத்தறது முறையில்ல. இது மதச்சார்பற்ற நாடு. வர்ற அமாவாசைக்கு வக்கீல் யாரும் உள்ள வர்றதில்லன்னு முடிவு பண்ணியிருக்கோம். டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கும் எழுதியாச்சு."

"சார், எங்க வீட்ல பஞ்சாங்கமே கிடையாது. நாங்க சர்ச் காலண்டர் மாட்டற ஆளுங்க."

அவர் என் முகத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். எழுந்து போகும்போது, "ப்ரொபேஷன்ல இருக்கறது ஞாபகம் இருக்குதா?" என்றார்.

"தினமும் இருக்குது சார்."

அந்த அமாவாசையன்று நான் உள்ளே நுழைந்தபோது வக்கீல்கள் உட்காரும் நாற்காலிகள் அத்தனையும் காலி. அதற்குப் பின்னால் நிற்க இடமில்லை. குளித்து, வெளுத்த சட்டை போட்டு, தலையில் பூ வைத்து, கோயிலுக்கு வந்ததுபோல் கூட்டம். காலி நாற்காலிகளில் உட்காரச் சொன்னேன். யாரும் நகரவில்லை. இரண்டாவது தடவை சொன்ன பிறகு அந்த அக்காதான் முதலில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும்.

அவருடைய வழக்கைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தார், சாட்சி எழுந்தார், தம்பி எழுந்தான். வக்கீல் இரண்டு பேரும் இல்லை. சட்டப்படி நான் என்ன செய்யலாம் என்பதை உரக்கச் சொன்னேன். சாட்சியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யலாம். குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு வக்கீல் வராவிட்டால் குறுக்கு விசாரணை இல்லை என்று எழுதி முடித்துவிடலாம். டவாலி இன்னும் ஒரு முறை கூப்பிடுவார், அதற்குள் வருகிறவர்கள் வரலாம்.

நான் சொன்னதன் அர்த்தம் முதலில் தம்பிக்குத்தான் புரிந்தது. எதிர்த்தரப்பு அவன்தான். வெளியே ஓடினான். வராந்தாவில் அவன் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது.

"சார், நான் வந்துக்கினு நிக்கறேன், நீங்க இங்க டீ குடிச்சுக்கினு இருக்கறீங்களா? அங்க என் வூடு போவுது சார்!"

"இன்னிக்கு யாரும் போறதில்லன்னு முடிவுப்பா."

"நான் முடிவு பண்ணலயே! பார்ட்டி வரல பார்ட்டி வரலன்னு இத்தன நாள் சொன்னீங்க. தோ வந்துட்டேன். நீங்க வாங்க."

அக்காவும் போனார். "என் வக்கீலையும் கூப்புடுடா" என்று தம்பியிடம் சொன்னது கேட்டது. அத்தனை வருஷச் சண்டையில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

தம்பியின் வக்கீல் கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் அக்காவின் வக்கீல். அதற்குப் பிறகு உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் அவரவர் வக்கீலைக் கையோடு அழைத்துவந்தார்கள். ஒரு பாட்டி தன் வக்கீலின் கறுப்புக் கவுனைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். வந்தவர்களுக்கு நாற்காலி இல்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள். நான் அதற்கு ஏதும் ஏற்பாடு செய்யவில்லை. மதியத்துக்கு மேல் மூத்த வக்கீலும் வந்தார், தர்ப்பணம் முடித்த ஈரத் தலையோடு. தன் கட்சிக்காரரின் சாட்சியை மிக அழகாக விசாரித்தார்.

ஆனால் எழுதிய புகார் எழுதியதுதான். அடுத்த வாரம் மெமோ வந்தது. நீதிமன்ற அலுவலை மத நாட்காட்டியின்படி நடத்துவதாக வந்த மனுவுக்கு விளக்கம் தரவும்.

மாவட்ட நீதிபதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்லவர், ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர்.

"அன்னிக்கு நடந்ததைக் கேள்விப்பட்டேன். வேலை நடந்திருக்கு, சந்தோஷம். விளக்கத்துல ஒண்ணே ஒண்ணு பண்ணுங்கம்மா. அந்த வார்த்தையை விட்டுடுங்க. கட்சிக்காரர்களின் வசதிக்காக வழங்கப்பட்ட பொதுவான தேதின்னு எழுதுங்க. நான் முடிச்சுடறேன். ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டாம்."

அன்று மாலை அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நான் ஏதோ தப்புச் செய்து மறைப்பதுபோல் இருந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதினேன். நெசவாளர்களுக்கு அமாவாசை விடுமுறை. அந்த நாளில் வைத்தால்தான் கூலி போகாமல் வருவார்கள், ஆகவே அமாவாசை என்று தெரிந்தேதான் வைத்தேன். நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமை மூடுகிறது. அது என் போன்றவர்கள் தேவாலயத்துக்குப் போகும் நாள். ஞாயிறு மூடுவதால் நீதிமன்றம் தேவாலயம் ஆகிவிட்டது என்று இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை. அமாவாசையன்று திறந்திருப்பதால் அது கோயில் ஆகிவிடாது.

மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாவட்ட நீதிபதி நின்றுகொண்டே படித்தார்.

"அந்த வார்த்தையை எடுக்கலையா?"

"இல்ல சார்."

"இது உங்க ஃபைல்லயே இருக்கும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். என் கையெழுத்தோட இருக்கட்டும்."

கடைசிப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு, சின்னதாகத் தலையாட்டினார். மேலே அனுப்பும் முத்திரையைத் தானே எடுத்துக் குத்தினார். சாதகமாகவோ பாதகமாகவோ ஒரு வரியும் சேர்க்கவில்லை.

ஹைகோர்ட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. என் தகுதிகாண் பருவம் நல்லபடியாக முடிந்தது என்ற உத்தரவும் வரவில்லை. அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், "வரும்மா" என்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். அடுத்த மாதத்து அமாவாசை வியாழக்கிழமை விழுகிறது. நெசவுக்காரர்களின் வழக்குகளை அன்றைக்கே போட்டு, போர்டில் நேற்றுக் கையெழுத்து வைத்துவிட்டேன்.