ஓகே அமுக்குகிறவள்

எங்கள் பக்கம் பொறாமைக்குக் குசும்பு என்று பெயர். மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழியைத் தாண்டிப் போனால் அதே சொல்லைக் குறும்புக்குச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். புதுக்கடை என்கிற ஊரில் நான் வேலை பார்த்த செல்போன் கடைக்கு அவள் வந்த பிறகு எனக்கு வந்தது எங்கள் ஊர்க் குசும்புதான், கலப்படம் இல்லாதது.

ஸ்மார்ட்போன் அப்போதுதான் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்தது. கல்ஃபில் இருக்கும் கணவனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று கடற்கரைப் பெண்கள் கூட்டமாக வருவார்கள். போனை விற்றால் மட்டும் போதாது, அதில் ஆப்புகளையும் ஏற்றிக் கொடுக்க வேண்டும். வீடியோ காலுக்கு ஒன்று, மெசேஜுக்கு ஒன்று, மலையாளப் பாட்டுக்கு ஒன்று. அந்த வேலை என்னுடையது. என் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே சிலர் கவுண்டரில் சாய்ந்து நிற்பார்கள். "அந்த அக்கா உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியே ஏறுவார்கள்.

முதலாளி அண்ணாச்சி, புதுக்கடையில் இருக்கிற பழைய கடை போக, அருமனையில் ஒரு புதுக் கடை போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீடு அருமனையில். தினமும் மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, நசுங்கி, வேர்த்து விறுவிறுத்து வேலைக்கு வருகிறவள் நான். "அங்க நீதான் பாத்துக்கிடணும் மோளே" என்று அவர் ஒரு தடவை சொன்னதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போகிற மாதிரி கனவுகூடக் கண்டிருக்கிறேன்.

அப்போதுதான் அவளை வேலைக்குச் சேர்த்தார். கம்ப்யூட்டர் படித்தவள், என்னைவிட இளையவள். புதுக்கடைக்காரி, வேலைக்கு நடந்தே வருவாள். எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குப் பெட்டி பெட்டியாகப் போன் வந்து இறங்கியது. வாங்க வருகிறவர்களைக் காக்க வைக்காமல் எல்லாவற்றிலும் முன்கூட்டியே ஆப் ஏற்றி வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. நான் ஒரு போனைப் பிரித்துத் தொடங்கினேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பல வாய் உள்ள ஒரு யூஎஸ்பி பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகினாள். அதில் போன்களை வரிசையாக வயர் போட்டு மாட்டினாள். கறுப்புத் திரையில் என்னவோ நாலு வரி அடித்து எண்டரைத் தட்டினாள். அவ்வளவுதான். நான் கையில் வைத்திருந்த போன் பாதியில் நிற்க, அவளுடைய அத்தனை போனிலும் ஒரே நேரத்தில் ஆப்புகள் வந்து உட்கார்ந்தன.

"எம்மாடியோ!" என்றார் அண்ணாச்சி. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் எம்மாடியோ சொன்னதில்லை.

அந்த வித்தையிலும் ஒரு சிக்கல் இருந்தது. புதுப் போன் முதல் தடவை, இந்தக் கம்ப்யூட்டரை உள்ளே விடலாமா என்று திரையில் கேட்கும். கம்ப்யூட்டரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மனுஷ விரல்தான் ஓகே அமுக்க வேண்டும்.

"அக்கா, நீங்க ஓகே மட்டும் அமுக்கித் தந்தாப் போதும். பாக்கிய அது பாத்துக்கிடும்" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து ஓகே, ஓகே என்று அமுக்கினேன். பக்கத்து பேக்கரிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளே, "என்ன ஓகே அக்கா, சாயா எடுக்கட்டா?" என்று கேட்டார். நம்ம ஊரில் பட்டப்பேர் வைக்க ஆளுக்கா பஞ்சம்!

இவளுக்கு எப்போது சறுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சறுக்கவும் செய்தது. அவள் வேதக்காரி. காலை, மதியம், மாலை என்று செப நேரத்துக்கு மாதா கோயில் மணி அடிக்கும் ஒரு ஆப்பையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திருந்தாள். எல்லாப் போனுக்கும் ஒரே கட்டளை அல்லவா, எல்லாவற்றிலும் ஏறிவிட்டது.

ஒருநாள், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட அய்யாவழிக்காரர் ஒருவர், எங்களிடம் வாங்கிய போனை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"இதில மணிய வச்சது யாராக்கும்?"

நான் மகிழ்ச்சியோடு அவளைக் கை காட்டினேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சரியா உச்சிக்கு அடிக்கு, கேட்டியா? எனக்க வீட்டுக்காரி இப்ப உச்சிப்படிப்புக்குப் பிந்தாம போறா. எனக்க தம்பிக்கும் ஒரு போன் எடு பிள்ளே. மணி இருக்கணும்."

உச்சிப்படிப்பு அவர்களுடைய மதிய வழிபாடு. மாதா கோயில் மணியும் அய்யாவின் படிப்பும் ஒரே நேரத்தில் வந்து இவளுக்கு வியாபாரம் பிடித்துத் தரும் என்று யார் கண்டார்கள்? சிலர் வழுக்கி விழுந்தாலும் வைக்கோல் மேல்தான் விழுவார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்தது. அருமனைக் கடைக்குப் பெயிண்ட் அடித்து போர்டும் மாட்டியாகிவிட்டது. அவளைத்தான் அனுப்புவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவள் எங்கள் ஊருக்கு பஸ் ஏறுவாள், நான் அவள் ஊருக்கு பஸ் ஏறுவேன். வழியில் இரண்டு பஸ்ஸும் கடக்கும்போது ஜன்னல் வழியே "அக்கா!" என்று கை காட்டுவாள். அதை நினைத்து ஸ்டாக் அறையில் நின்று அழுதுகூட விட்டேன்.

அண்ணாச்சி கூப்பிட்டார். மேசைமேல் ஒரு சாவி கிடந்தது.

"எடுத்துக்கோ மோளே. அருமனைக்கு நீதான் போற."

என் கை சாவிக்கு நீண்டது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவள அனுப்பலாம்னுதான் நெனச்சேன். ஆனா அவ இல்லேன்னா இஞ்ச ஒண்ணும் ஓடாது. நீ போனா இஞ்ச ஒண்ணும் முடங்காது, பாத்தியா."

சாவியை எடுத்துக்கொண்டேன். எத்தனை நாள் ஆசைப்பட்ட சாவி! அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓகே" என்றேன்.

பின்னால் நின்று அவள் கை தட்டினாள். உண்மையான சந்தோஷத்தோடு தட்டினாள், பாவி.